கலனைப் பார்க்கும் முன் குப்பையைப் பாருங்கள்

நகரக் குப்பையிலிருந்து எரிவாயு எடுக்கும் வேலைக்குப் புதிதாக வரும் தம்பிகளும் தங்கைகளும் என்னிடம் முதலில் கேட்பது, "சார், எந்த கேசிஃபையர் (வாயுவாக்கும் கலன்) நல்லது?" என்றுதான். விற்க வருகிறவர்களும் கலனின் படத்தைத்தான் முதலில் விரித்துக் காட்டுகிறார்கள். நான் பார்த்த வரையில், கலன் கெட்டு நின்ற ஆலைகள் குறைவு. குப்பை சரியில்லாமல் நின்றவை, வாயுவைச் சுத்தம் செய்ய முடியாமல் நின்றவை, கணக்கு உதைத்து நின்றவைதான் அதிகம். அதனால் நான் சொல்லப்போகிற வரிசையில் கலன் ஆறாவதாகத்தான் வரும். பொறுமையாகப் படியுங்கள்.

1. உள்ளே நடப்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்.

குப்பையை முழுதாக எரிக்க எவ்வளவு காற்று வேண்டுமோ அதில் கால் பங்கு, மிஞ்சிப்போனால் மூன்றில் ஒரு பங்கு மட்டும் கொடுத்தால் எரிதல் பாதியில் நிற்கும். அந்தப் பாதி நிலைதான் நமக்கு வேண்டியது. முதலில் ஈரம் ஆவியாகும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டியதும் காகிதமும் துணியும் பிளாஸ்டிக்கும் ஒவ்வொன்றாகச் சிதைந்து, ஆவியையும் தாரையும் வெளிவிட்டு, மிச்சம் கரியாகும். விட்ட காற்றில் ஒரு பகுதி எரிந்து 1,000 டிகிரியை ஒட்டிய சூட்டைக் கொடுக்கும். அந்தச் சூட்டில் கரி, கார்பன் டை ஆக்சைடோடும் நீராவியோடும் வினைபுரிந்து கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் தரும். இந்தக் கடைசிப் படி சூட்டைத் தின்னும் படி. சூடு இறங்கினால் வாயு மெலியும், தார் கூடும்.

காற்றை ஊதி எடுக்கும் வாயுவில் ஏறத்தாழப் பாதி நைட்ரஜன்தான். கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜனும் ஆளுக்கு 15 முதல் 20 விழுக்காடு இருக்கும், மீத்தேன் கொஞ்சம். ஒரு கனமீட்டர் வாயுவுக்கு 4 முதல் 6 மெகாஜூல் வெப்பம் தேறும். இயற்கை எரிவாயுவுக்கு அது 35-க்கு மேல். காற்றுக்குப் பதிலாக ஆக்சிஜனும் நீராவியும் கொடுத்தால் வாயுவின் தரம் இரட்டிக்கும். ஆனால் ஆக்சிஜன் பிரிக்கும் ஆலைக்கு மின்சாரம் கொடுத்து மாளாது.

இதைப் புத்தம்புது வித்தை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாம் உலகப்போரில் பெட்ரோல் கிடைக்காதபோது சென்னை மாகாணத்தில் பஸ்களே கரிவாயுவில் ஓடின. அவர்களுக்கு வாய்த்தது ஒரே சீரான, காய்ந்த மரக்கரி. நமக்கு வாய்ப்பது குப்பை. சிக்கல் முழுவதும் அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

2. கிடங்குக்குப் போய்க் குப்பையைக் கையால் பிரித்துப் பாருங்கள்.

திட்ட அறிக்கையில் "சராசரி வெப்ப மதிப்பு" என்று ஒரு எண் இருக்கும். அது எந்த மாதத்தில், எந்த வார்டில், எத்தனை லாரியிலிருந்து எடுத்த மாதிரி என்று கேளுங்கள். ஐப்பசி மழையில் வரும் குப்பையும் சித்திரை வெயிலில் வரும் குப்பையும் ஒன்றல்ல. ஆயுதபூஜைக்கு மறுநாள் வாழைக்கன்றும் உடைத்த பூசணியும் வரும். பொங்கலுக்குக் கரும்புச் சக்கையும், பழைய பாயும், துணியும் வரும். சந்தை வார்டில் காய்கறிக் கழிவு. புதுக் குடியிருப்பு எழும் வார்டில் செங்கல் துண்டும் சிமென்ட் சாக்கும்.

மாதிரி எடுப்பதற்கு முறை உண்டு. லாரியைக் கொட்டி, நன்றாகக் கலந்து, கூம்பாகக் குவித்து, நாலு கூறாக வெட்டி, எதிரெதிர்க் கூறு இரண்டை மட்டும் வைத்துக்கொண்டு, மறுபடி கலந்து குவிக்க வேண்டும். ஆய்வகத்துக்குப் போகும் அளவு வரும் வரைக்கும் இதையே செய்ய வேண்டும். நாற்றத்துக்குப் பயந்து மேலாகக் கிடக்கும் பிளாஸ்டிக் உறைகளை அள்ளிப் பையில் போட்டு அனுப்பினால் எண் அழகாக வரும், ஆலை ஓடாது.

டெல்லி திமார்ப்பூரில் நடந்ததை மறக்காதீர்கள். அது வாயுவாக்கும் ஆலை அல்ல, நேரடியாக எரிக்கும் ஆலை. ஆனாலும் பாடம் ஒன்றுதான். 1987-இல் டென்மார்க் தொழில்நுட்பத்தில், நாளுக்கு 300 டன் குப்பையை எரித்து 3.75 மெகாவாட் மின்சாரம் எடுக்க அதைக் கட்டினார்கள். கிலோவுக்கு 1,400 கிலோகலோரிக்கு மேல் இருக்கும் என்று எதிர்பார்த்த குப்பை, அதில் பாதி அளவுக்குத்தான் தேறியது. சில வாரங்களில் உலை நின்றது. உலையில் குறை இல்லை. டென்மார்க் குப்பைக்குச் செய்த உலையில் டெல்லிக் குப்பையைப் போட்டதுதான் குறை.

3. தண்ணீரை உலைக்குள் கொண்டுபோகாதீர்கள்.

நம் ஊர்க் கலப்புக் குப்பையின் எடையில் ஏறத்தாழப் பாதி தண்ணீர். ஒரு கிலோ தண்ணீரைச் சூடாக்கி ஆவியாக்க 600 கிலோகலோரிக்கு மேல் போய்விடும். ஈர விறகை அடுப்பில் வைத்து ஊதிக் கண் எரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை: சூடெல்லாம் ஆவிக்கே போகும், மிஞ்சுவது புகை. கலனுக்குள் போகும் எரிபொருளில் ஈரம் 20 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும் என்று கறாராக இருங்கள். என்ஜினிலும் பாய்லரிலும் வெளியேறும் வீண் சூட்டை உலர்த்துவதற்குப் பயன்படுத்துங்கள்.

மக்கும் குப்பைக்கு வேறு வழி உண்டு. இந்தூரில் 2022-இல் தொடங்கிய ஆலை, வீட்டிலேயே பிரித்து வாங்கிய ஈரக் குப்பையை நாளுக்கு 550 டன் வரை சாண எரிவாயு முறையில் புளிக்கவைத்து, வண்டிகளுக்கு எரிவாயு எடுக்கும் அளவுக்குக் கட்டப்பட்டது. சோறும் காய்கறித் தோலும் நுண்ணுயிருக்கான தீனி. அதை நெருப்புக்குக் கொடுத்தால் இரண்டு பக்கமும் நட்டம்.

4. உள்ளே போகக் கூடாதவற்றின் பட்டியலைச் சுவரில் எழுதி வையுங்கள்.

கண்ணாடி, கல், மண், இரும்பு, பேட்டரி, டியூப் லைட், மருத்துவக் கழிவு, பி.வி.சி. குழாய், ரெக்சின். ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கண்ணாடி உலைச் சூட்டில் இளகிச் சாம்பலைக் கட்டியாக்கும். மண் வெப்பத்தைத் தராமல் இடத்தை மட்டும் பிடிக்கும். பேட்டரி கனஉலோகத்தை விடும். பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல் குளோரின். அதைப் பற்றித் தனியாகச் சொல்கிறேன்.

மறுசுழற்சிக்குப் போகக்கூடிய பெட் பாட்டில், அட்டை, நல்ல பிளாஸ்டிக் ஆகியவற்றையும் தொடாதீர்கள். அவற்றை நம்பிப் பிழைக்கும் குப்பை பொறுக்குவோரும் காயலான் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். பொருளாக மறுபடி பயன்படுவதை வாயுவாக்குவது வீண். மசாலா பாக்கெட், பல அடுக்கு உறை, கிழிந்த துணி, அழுக்கேறிய காகிதம், தேங்காய் நார் போன்ற, யாரும் காசு கொடுத்து வாங்காத காய்ந்த மிச்சம்தான் நம் சரக்கு. 2016-இல் வந்த திடக்கழிவு மேலாண்மை விதிகளும் இதைத்தான் சொல்லின: மறுசுழற்சி ஆகாத, கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்குக் குறையாத வெப்ப மதிப்புள்ள கழிவைப் புதைக்கக் கூடாது, ஆற்றலுக்குப் பயன்படுத்த வேண்டும்.

5. எரிபொருள் சீராக இருந்தால் உலை சீராக இருக்கும்.

பிரித்து, உலர்த்தி, நறுக்கி வரும் சரக்கை ஆர்.டி.எஃப். என்பார்கள். இதைத் தயாரிக்கும் கொட்டகையில்தான் உங்கள் நாளின் பெரும்பகுதி கழியும். பழைய சேலையும் நைலான் கயிறும் ஷ்ரெடர் தண்டில் சுற்றிக்கொள்ளும். லேசான பிளாஸ்டிக் தாள், ஹாப்பரில் இறங்காமல் வளைவு கட்டி நிற்கும். மேலே சரக்கு இருக்கும், கீழே உலை பட்டினி கிடக்கும். அப்போது காற்றின் விகிதம் கூடி வாயு மெலியும், சூடு எகிறும். ஆகவே உலைக்குள் எட்டிப் பார்ப்பதற்கு முன் கன்வேயரைப் பாருங்கள்.

ஆர்.டி.எஃப். அம்பாரம் தானே சூடேறித் தீப்பிடிக்கும். உயரமாகக் குவிக்காதீர்கள், நாள்கணக்கில் தேக்காதீர்கள். முதலில் வந்தது முதலில் போகட்டும்.

6. இப்போது கலனைப் பேசலாம்.

கீழிருந்து காற்று ஏறும் மேல்நோக்கு உலை ஈரத்தைக் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் கனமீட்டருக்குப் பத்துக் கிராம் கணக்கில் தார் விடும். வாயு கீழே இறங்கும் கீழ்நோக்கு உலை, தாரைச் சூட்டு மண்டலத்தின் வழியாக இழுத்து உடைத்துவிடும். ஆனால் சீரான கட்டியான எரிபொருள் கேட்கும், பெரிய அளவுக்கு வளராது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் பேராசிரியர் முகுந்தாவின் குழு உருவாக்கிய திறந்த மேல்வாய் உலை இந்த இனம். மரக்கட்டைக்கும் வேளாண் கழிவுக்கும் அது பெயர் வாங்கியது. அதையே நறுக்கிய பிளாஸ்டிக்கோடு ஓட்டலாம் என்று நினைக்காதீர்கள்.

சூடான மணல் கொதிப்பதுபோல் புரளும் திரவநிலைப் படுகை உலை, பலதரப்பட்ட எரிபொருளை ஏற்கும். பெரிய ஆலைக்கு ஏற்றது. ஆனால் சாம்பல் இளகினால் மணல் ஒட்டிக்கொண்டு படுகை உறைந்துபோகும். பிளாஸ்மா உலை எதையும் உருக்கும் என்பார்கள்; உருக்கும்தான், மின்சாரக் கட்டணத்தையும் சேர்த்துப் பாருங்கள். எந்தக் கலன் நல்லது என்ற கேள்விக்கு விடை, இரண்டாம் அறிவுரைப்படி நீங்கள் எடுத்த மாதிரியில் இருக்கிறது.

7. தாரைக் குளிரவிட்டால் அது உங்களை விடாது.

வாயுவோடு வரும் தார், சூட்டில் ஆவியாக இருக்கும் வரைக்கும் தொந்தரவு இல்லை. 350 டிகிரிக்குக் கீழே இறங்க இறங்க, குழாயிலும் வால்விலும் ஊதியிலும் பிசினாகப் படியத் தொடங்கும். என்ஜினுக்கு அனுப்பும் வாயுவில் கனமீட்டருக்கு 100 மில்லிகிராமுக்குள் தார் இருக்க வேண்டும். அதிலும் பாதியாக இருந்தால் நல்லது. அந்த அளவுக்குத் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினால் வாயு சுத்தமாகும், தண்ணீர் நஞ்சாகும். ஃபீனால் கலந்த அந்தக் கறுப்புத் தண்ணீரை எங்கே அனுப்புவது என்று வரைபடத்தில் ஒரு கோடு இருக்கிறதா என்று தேடுங்கள். "வடிகாலுக்கு" என்று எழுதியிருந்தால் அந்த வரைபடத்தில் கையெழுத்துப் போடாதீர்கள்.

8. சூடாக இருக்கும்போதே வாயுவை எரிக்க முடியுமா என்று முதலில் பாருங்கள்.

பின்லாந்தின் லாத்தி நகரில் 2012 முதல் ஓடும் ஆலை எனக்குப் பிடித்த பாடம். பிரித்துத் தயாரித்த காய்ந்த கழிவு ஆண்டுக்கு 2,50,000 டன். இரண்டு திரவநிலைப் படுகை உலைகள். வெளிவரும் வாயுவை 400 டிகிரி வரைக்கும் மட்டும் ஆற்றுகிறார்கள். அந்தச் சூட்டில் தார் ஆவியாகவே இருக்கும். பாய்லர் குழாயை அரிக்கும் குளோரைடு உப்புகளோ திடமாகிவிடும். பீங்கான் வடிகட்டியில் அந்த உப்பையும் தூசியையும் பிடித்துவிட்டு, வாயுவை நேராக பாய்லரில் எரிக்கிறார்கள். இந்த ஒரு காரியத்தால் 540 டிகிரி நீராவி கிடைக்கிறது. குப்பையை நேரடியாக எரிக்கும் ஆலைகள் அரிப்புக்குப் பயந்து பெரும்பாலும் 400-ஐ ஒட்டியே நிற்கின்றன. 50 மெகாவாட் மின்சாரமும் 90 மெகாவாட் வெப்பமும் எடுக்கிறார்கள். அந்த வெப்பம் குளிர் நாட்டு வீடுகளுக்குப் போகிறது. நமக்கு அந்தச் சந்தை இல்லை. நீராவி வாங்கும் சாயப்பட்டறை, காகித ஆலை, சிமென்ட் சூளை அருகில் இருக்கிறதா என்று தேட வேண்டும்.

வாயுவை வேதிப்பொருளாக்குவது அடுத்த படி. ஜப்பானின் கவாசாகியில் 2003 முதல், நாளுக்கு 195 டன் வரை பழைய பிளாஸ்டிக்கை இரண்டு கட்டமாக வாயுவாக்கி, ஹைட்ரஜனைப் பிரித்து அம்மோனியா செய்கிறார்கள். முதல் உலை 600 முதல் 800 டிகிரி, இரண்டாவது 1,300-க்கு மேல். அந்தச் சூட்டில் தார் தப்பாது. அங்கே போவது பிரித்தெடுத்த பிளாஸ்டிக், அதுவும் பக்கத்திலேயே அம்மோனியா ஆலை இருக்கும் இடத்தில். இந்த இரண்டும் இல்லாத ஊரில் அந்தப் படத்தைக் காட்டி யாரும் உங்களை மயக்க வேண்டாம்.

9. குளோரினுக்குப் பயப்படுங்கள், டையாக்சினுக்குக் கணக்குக் கொடுங்கள்.

பி.வி.சி.யிலும் உப்பு ஊறிய உணவு மிச்சத்திலும் இருக்கும் குளோரின், ஹைட்ரஜன் குளோரைடாகி இரும்பை அரிக்கும். காற்று குறைந்த உலையில் அந்தக் குளோரினிலிருந்து டையாக்சின் என்ற நஞ்சு உருவாவது குறைவு என்பது உண்மை. ஆனால் வாயுவை எரித்தபின் வரும் புகை 450-இலிருந்து 200 டிகிரி வரை மெதுவாக இறங்கினால் தூசியின்மேல் அது மறுபடி உருவாகலாம். அந்த இடைவெளியை வேகமாகக் கடக்க வேண்டும். சுண்ணாம்பும் செயலூட்டிய கரியும் தூவி, பேக் ஃபில்டரில் பிடிக்க வேண்டும். கனமீட்டருக்கு 0.1 நானோகிராம் என்பது விதி வைத்த எல்லை. "வாயுவாக்கத்தில் புகையே கிடையாது" என்று மேடையில் பேசாதீர்கள். வாயுவை எங்கோ ஓரிடத்தில் எரிக்கத்தான் போகிறோம்.

10. சாம்பலுக்கும் ஒரு முகவரி வேண்டும்.

குப்பை காணாமல் போவதில்லை. அடிச்சாம்பல், வடிகட்டித் தூசி என்று இரண்டு மிச்சம் வரும். இரண்டாவதில் கனஉலோகம் சேர்ந்திருக்கும். அதைச் சாதாரணக் கிடங்கில் கொட்ட முடியாது. புதைக்க நிலமில்லாத ஜப்பானில் வாயுவாக்கம் பரவியதற்கு முக்கியக் காரணமே சாம்பலை உருக்கிக் கண்ணாடிக் கசடாக்குவதுதான். 1979-இல் கமாயிஷியில் தொடங்கிய உருக்கு உலை, கோக்கும் சுண்ணாம்புக்கல்லும் சேர்த்து எரித்த, இரும்பாலை மரபில் வந்த உலை. எரிபொருளைச் செலவழித்து நிலத்தை மிச்சம் பிடித்தார்கள். ஆற்றல் விற்று லாபம் பார்க்கும் கணக்கு அது இல்லை.

11. கார்பன் மோனாக்சைடு முன்னறிவிப்புத் தராது.

நிறமில்லை, மணமில்லை. எட்டு மணி நேர வேலைக்கு 50 பி.பி.எம். தான் எல்லை, நம் குழாயில் ஓடுவதோ அதைப்போல மூவாயிரம் மடங்குக்குக் குறையாது. ஒவ்வொருவர் சட்டையிலும் எச்சரிக்கைக் கருவி இருக்கட்டும். கலனைத் திறக்கும்போது தனியாக யாரும் போகக் கூடாது. மயங்கி விழுந்தவரைத் தூக்க, மூச்சுக்கருவி இல்லாமல் இன்னொருவர் ஓடினால் விழுவது இருவராகும்.

ஹைட்ரஜன் காற்றில் 4 முதல் 75 விழுக்காடு வரைக்கும் வெடிக்கும். உலையைப் பற்றவைக்கும் நேரமும் அணைக்கும் நேரமும்தான் ஆபத்தான நேரம். அப்போதுதான் காற்றும் வாயுவும் குழாயில் கலக்கும். நைட்ரஜனால் கழுவுங்கள், ஆக்சிஜன் மீட்டரைப் பாருங்கள், வாயு சீராகும் வரைக்கும் ஃப்ளேரில் எரியுங்கள். மின்சாரம் போனால் ஒவ்வொரு வால்வும் எந்தப் பக்கம் திரும்பி நிற்கும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லத் தெரிய வேண்டும்.

12. மெகாவாட் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள்.

நாளுக்கு 100 டன் ஆர்.டி.எஃப்., கிலோவுக்கு 3,000 கிலோகலோரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வெப்பமாக 14.5 மெகாவாட். நூற்றுக்கு 65 பங்கு வாயுவாக மாறினால் 9.4. என்ஜின் நூற்றுக்கு 30 பங்கை மின்சாரமாக்கினால் 2.8. உலர்த்தி, ஷ்ரெடர், ஊதி, பம்பு எல்லாம் கால் பங்கைத் தின்றால், கம்பிக்குப் போவது 2.1 மெகாவாட். அந்த 100 டன் ஆர்.டி.எஃப். கிடைக்க 400 டன்னுக்கு மேல் கலப்புக் குப்பை வர வேண்டும். அறிக்கையில் "100 டன் குப்பையிலிருந்து 5 மெகாவாட்" என்று பார்த்தால், எந்த வரியில் எண் தாவியது என்று தேடத் தெரிந்திருக்க வேண்டும்.

13. மூடிய ஆலைகளின் வரலாற்றைப் படியுங்கள்.

ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் ஆண்டுக்கு 2,25,000 டன்னுக்குத் திட்டமிட்ட ஆலை 2004-இல் மூடப்பட்டது. இங்கிலாந்தின் டீஸ் வேலியில் இரண்டு பெரிய பிளாஸ்மா ஆலைகளைக் கைவிட்ட நிறுவனம், 2016-இல் ஏறத்தாழ 100 கோடி டாலரை நட்டக்கணக்கில் எழுதியது. கனடாவின் எட்மன்டனில் குப்பையிலிருந்து மெத்தனாலும் எத்தனாலும் எடுக்கக் கட்டிய ஆலையை 2024-இல் மூடினார்கள். பணமோ படிப்போ குறைந்த ஊர்கள் இல்லை இவை. ஆகவே விற்பவரிடம் மூன்றே கேள்வி கேளுங்கள். இதே அளவு ஆலை எங்கே ஓடுகிறது? எங்கள் குப்பையைப் போன்ற குப்பையில் ஓடுகிறதா? போன ஆண்டு எத்தனை மணி நேரம் ஓடியது? மூன்றாவது கேள்விக்கு லாக் புத்தகத்தைக் காட்டச் சொல்லுங்கள்.

14. பக்கத்தில் குடியிருப்பவர்களை எதிரியாக நினைக்காதீர்கள்.

கொடுங்கையூர் குப்பைக் கிடங்கில் எரிஉலை வரும் என்றபோது 2025-இல் வடசென்னை மக்கள் தெருவில் இறங்கி எதிர்த்தார்கள். காலங்காலமாக ஊர்க் குப்பையைத் தங்கள் வாசலில் சுமந்தவர்களுக்கு அப்படிக் கேட்க உரிமை உண்டு. புகைபோக்கியின் அளவீடுகளை வாசல் பலகையில் போடுங்கள். உலை நின்ற நாளையும் எழுதுங்கள். தூய்மைப் பணியாளர்களை மாதத்துக்கு ஒருமுறை உட்காரவைத்துப் பேசுங்கள். எந்தத் தெருவில் குப்பை பிரிந்து வருகிறது, எந்தத் தெருவில் கலந்து வருகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். வீட்டு வாசலில் பிரிந்த குப்பையை லாரியில் ஒன்றாகக் கொட்டினால், கிடங்கில் எத்தனை கோடிக்கு இயந்திரம் வைத்தாலும் பழையபடி பிரியாது.

15. "வேண்டாம்" என்று எழுதவும் துணியுங்கள்.

ஓர் ஆண்டு மாதிரி எடுத்தபின், ஊரின் ஈரக் குப்பையைச் சாண எரிவாயு ஆலைக்கும், விற்கக்கூடியதைக் காயலான் கடைக்கும் அனுப்பிவிட்டால், மிச்சம் நாளுக்கு 15 டன்தான் என்று தெரியவரலாம். அந்த 15 டன்னுக்குத் தனி உலை கட்டுபடியாகாது. அதைப் பொதியாகக் கட்டி லாரியில் ஏற்றிச் சிமென்ட் ஆலைக்கு அனுப்புவதே மலிவு. அரியலூர்ப் பக்கத்துச் சூளைகள் அப்படி வாங்கவும் செய்கின்றன. அந்த நிலையில் கேசிஃபையர் தேவையில்லை என்று அறிக்கையில் தெளிவாக எழுதிக் கையெழுத்திடுங்கள். மேலே உட்கார்ந்திருப்பவர்களுக்குப் பிடிக்காது. ஆனால் அப்படி எழுதத் தெரிந்தவர், வேறோர் ஊரில் "இங்கே கட்டலாம்" என்று எழுதினால் அந்த வாக்கியத்தை நம்பிப் பணம் போடலாம்.